கோழி இறகைக் கடிக்கிற மீன், அச்சு அசலான லூரை ஏன் பார்த்துவிட்டுத் திரும்புகிறது?

கேள்வி கேட்டவர் மார்த்தாண்டத்துக்காரர், பெங்களூரில் வேலை. ஆன்லைனில் 900 ரூபாய் கொடுத்து ஒரு லூர், அதாவது மீன்போலச் செய்த போலி இரை, வாங்கியிருக்கிறார். 15 சென்டிமீட்டர் நீளம், நாலு துண்டாக மூட்டு வைத்தது, செதில் செதிலாக அச்சடித்தது, பளபளக்கிற கண், செவுளோரம் சிவப்புத் தீற்றல்கூட உண்டு. லீவுக்கு வந்தபோது தேங்காய்ப்பட்டணம் அலைத்தடுப்புச் சுவரில் நின்று வீசியிருக்கிறார். பாரைக் குட்டிகள் கூட்டமாகப் பின்னாலேயே வந்து, கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. அதே வாரம் அவருடைய மாமா வள்ளத்தில் போய், கோழி இறகும் பளபளக்கிற இழையும் கட்டிய தூண்டிலில் அயிலையும் சூரையும் கொண்டுவந்திருக்கிறார். அப்படியானால் இந்த அசல்போன்ற லூர்கள் எல்லாம் காசு பிடுங்குகிற வேலைதானா என்று கேட்கிறார்.

மாமா பிடித்தது வேறு மீன், வேறு இடம், வேறு முறை, அதனால் ஒப்பிடக் கூடாது என்று சொல்லி நான் நழுவிவிடலாம். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு மீன் எதை வைத்து ஒன்றை இரை என்று முடிவு செய்கிறது? நம் கண்ணுக்கு மீனாகத் தெரிவது மீனின் கண்ணுக்கும் மீனாகத் தெரியுமா? அதற்குத்தான் இந்த நீளமான பதில். நான் மீன்வளம் படித்தவன், குளச்சல் பக்கம் தூண்டில்காரர் வீட்டில் பிறந்தவன். கடலிலும் நம்மூர்க் குளங்களிலும் போலி இரை போட்ட பழக்கம் உண்டு. மலையோடைகளில் ட்ரவுட்டுக்குப் போடுகிற ஈ வடிவத் தூண்டிலில் எனக்குக் கைப்பழக்கம் கிடையாது, அந்தப் பக்கம் நான் போகவில்லை.

நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாற்று இல்லை. ஆனால் அந்த 900 ரூபாயில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்காகச் செலவானது. மீன் பார்ப்பது நாலைந்து அடையாளங்களைத்தான்: அளவு, நிழலுருவம், மினுக்கம், தண்ணீரில் எழுகிற அதிர்வு, இவை எல்லாவற்றையும்விட அசைவு. இவை பொருந்தினால் இறகையும் கடிக்கும். பொருந்தாவிட்டால் செதிலை எண்ணி வரைந்திருந்தாலும் பார்த்துவிட்டுப் போய்விடும். செதில் வேலைப்பாடு உதவுகிற நேரமும் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

தூரத்திலிருந்து தொடங்கலாம். தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். கலங்கல் நீரில் ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோதும் சத்தம் வந்து சேரும். மீனுக்கு உள்காது உண்டு. அது போக, உடம்பின் இரண்டு பக்கமும் செவுள் முதல் வால்வரை ஒரு கோடு ஓடுகிறது. அடுத்த முறை ஒரு பாரை கையில் கிடைத்தால் பாருங்கள்: முன்பாதியில் வில்லாக வளைந்து, நடுவில் நேராகி, வாலை நெருங்கும்போது கையைக் கிழிக்கிற முள்தகடுகளாகத் தடிக்கிற கோடு. அதில் உள்ள செதில்களில் பொடித் துளைகள், துளைகளுக்கு உள்ளே ஒரு குழாய், குழாய்க்குள் மயிரிழை போன்ற உணர்விகள். பக்கத்தில் எது அசைந்தாலும் தண்ணீர் நகரும், அந்த நகர்வு இந்த உணர்விகளைத் தள்ளும். ரோட்டோரம் கண்ணை மூடி நின்றாலும் பஸ் கடந்துபோனது உடம்பில் தெரிகிறதே, ஏறக்குறைய அப்படி. இதன் எட்டம் அதிகமில்லை, மீனின் உடல் நீளத்தைப் போல ஒன்றிரண்டு மடங்குதான். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான மெதுவான அசைவுகளுக்குத்தான் இது நன்றாக வேலை செய்யும். சிறுமீன் வாலடிப்பதும் துடிப்பதும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. கும்மிருட்டில், முன்னால் போன சிறுமீன் தண்ணீரில் விட்டுச்சென்ற சுழல்தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஐரோப்பியக் கெளிறு அதைப் பிடிப்பதைத் தொட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

லூரின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக் உதடு இந்த அதிர்வுக்காக வைத்ததுதான். இழுக்கும்போது தண்ணீர் உதட்டில் மோதித் தலையைக் கீழே அழுத்துகிறது, லூர் முங்குகிறது. அதே தண்ணீர் உதட்டின் இரண்டு ஓரத்திலும் மாறி மாறிச் சுழித்துக் கழல்கிறது, அதனால் உடம்பு இடமும் வலமும் ஆடுகிறது. உதடு நீளமாக, உடம்போடு ஒட்டிய கோணத்தில் இருந்தால் ஆழத்துக்குப் போகும். குட்டையாக, செங்குத்தாக இருந்தால் மேல்மட்டத்திலேயே பலமாக ஆடும். பின்லாந்தில் லௌரி ராபலா என்ற மீன்பிடிகாரர் 1936-இல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கினார், மேலே இனிப்புப் பண்டத்தின் ஈயத்தாளைச் சுற்றினார், புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசினார். இன்றைய லூரோடு வைத்துப் பார்த்தால் அதைப் பொம்மை என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் படகிலிருந்து கவனித்தது ஒரே விஷயத்தை: நூற்றுக்கணக்கான சிறுமீன்களுக்கு நடுவில் வேட்டைமீன் பாய்வது சற்றே கோணலாக, தடுமாறி நீந்துகிற ஒன்றின் மேல். அந்தக் கோணல் நடையைத்தான் அவர் செதுக்கினார். இன்று உலகம் முழுக்க விற்கிற கம்பெனி அங்கே தொடங்கியது.

இனி கண். பெரும்பாலான மீன்களுக்கு நம்மைவிட நுணுக்கப் பார்வை பல மடங்கு குறைவு. நாம் கையில் வைத்து எண்ணுகிற செதிலச்சு, ஒரு மீட்டர் தள்ளியிருக்கிற மீனுக்கு வெறும் மங்கல் பரப்புதான். சூரை, கொப்பரன் மாதிரி பெரிய கண் வைத்த ஆழ்கடல் வேட்டைமீன்களின் பார்வை இன்னும் கூர்மையானது, ஆனால் அவை வருகிற வேகத்தில் செதிலைப் படித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. நிறமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. தண்ணீர் ஒளியை வடிகட்டும், சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். நல்ல தெளிந்த கடலிலேயே முதல் பத்து மீட்டருக்குள் சிவப்பு ஏறக்குறையக் காலி. உங்கள் லூரின் செவுளோரச் சிவப்பு அதற்குக் கீழே வெறும் கருங்கறை. நீலம்தான் கடைசிவரை போகும். நம் கரையோரக் கலங்கல் நீரிலோ நீலமும் சீக்கிரம் அடங்கி, பச்சையும் மஞ்சளும்தான் மிஞ்சும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. மீன் பெரும்பாலும் இரையைக் கீழிருந்து பார்க்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்தால் மேலுலகம் முழுவதும் சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும், அந்த வட்டத்துக்கு வெளியே நீர்மட்டம் அடிப்பக்கக் கண்ணாடியாகத் தெரியும். அந்த வெளிச்ச வட்டத்தில் மிதக்கிற எதுவும் முதலில் ஒரு கறுப்பு உருவம். அதன் நீளம், தடிமன், வாலசைவு இவ்வளவுதான் கீழே இருக்கிறவனுக்கு எட்டுகிற தகவல். முதுகில் எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் அது மேலே நிற்கிற நமக்குத்தான் தெரிகிறது.

மினுக்கத்துக்கு வருவோம். சாளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை, விலாவில் வெள்ளி. அந்த வெள்ளி சாயம் இல்லை, குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக நின்று ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நேராக நீந்தும்வரை விலா சுற்றியிருக்கிற தண்ணீரின் வெளிச்சத்தையே காட்டும், மீன் கண்ணுக்குத் தட்டுப்படாது. உடம்பு சற்றுச் சாய்ந்தால் போதும், மேலேயிருந்து வருகிற வெயிலை அப்படியே தெறிக்கவிடும். ஆரோக்கியமான சாளை மறைந்து நிற்கிறது, சாய்கிற சாளை பளிச்சென்று மின்னுகிறது. வேட்டைமீனுக்கு அந்த மின்னல்தான் அழைப்பு. அதனால்தான் வெறும் பட்டைத்தகட்டைக் கட்டி இழுத்தாலும் நெய்மீன் வருகிறது. தகட்டில் மீனின் சாயல் எதுவும் கிடையாது, ஆனால் அது விழுந்து புரண்டு மின்னுகிற விதத்தில் ஒரு சாகப்போகிற சாளை இருக்கிறது.

இப்போது உங்கள் மாமாவின் இறகு. அயிலை பெரும்பாலும் மிதவை உயிர்களைத் தின்கிற மீன், அதோடு சின்ன இறால் குஞ்சு, மீன் குஞ்சு. கொக்கியில் கட்டிய நாலு இறகு இழை அளவில் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. உங்கள் 15 சென்டிமீட்டர் லூரை அயிலை ஆயுசுக்கும் கடிக்காது. இறகுக்கு இன்னொரு குணமும் உண்டு: தூண்டிலை அசைக்காமல் வைத்தாலும் நீவாட்டில் (நீரோட்டத்தைக் கடற்கரையில் இப்படித்தான் சொல்வோம்) ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் லூர் இழுத்தால்தான் உயிர் பெறும், நிறுத்தினால் செத்துவிடும். ஒரே தங்கூஸில் (தூண்டிலின் நைலான் நரம்பு) பத்துப் பதினைந்து கொக்கி வரிசையாகத் தொங்கும்போது அது ஒரு குஞ்சுக் கூட்டமாகவும் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேல் போட்டி. கூட்டத்தில் இருக்கிற அயிலைக்கு நின்று ஆராய நேரமில்லை, தான் கடிக்காவிட்டால் பக்கத்தில் வருகிறது கடித்துவிடும். சூரைக்கு வள்ளத்தை ஓடவிட்டு இழுக்கிறபோது 6 முதல் 8 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 11 முதல் 15 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் பின்னால் வருகிற மீனுக்குத் தெரிவது ஒரு மினுக்கம், ஒரு நுரைத்தடம், தப்பித்து ஓடுகிற ஏதோ ஒன்று. யோசித்தால் போய்விடும், அதனால் கடிக்கிறது. மாமாவின் தூண்டிலில் மீன் மாட்டியதற்கு இறகு எவ்வளவு காரணமோ அதே அளவு அந்த வேகமும் கூட்டமும் காரணம்.

அசலைப்போலவே இருப்பதால் வருகிற ஒரு சிக்கலும் உண்டு. ஆயிரம் சாளை ஒன்றுபோல நீந்தும்போது வேட்டைமீனுக்கு எதைக் குறிவைப்பது என்று தடுமாற்றம் வருகிறது. கூட்டமாகப் போவதன் பாதுகாப்பே அதுதான். 1986-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெள்ளிநிறச் சிறுமீன் கூட்டத்தைத் தாக்கிய பாஸ் என்ற நன்னீர் வேட்டைமீன்கள் பெரும்பாலும் தோற்றன. அதே கூட்டத்தில் ஒன்றிரண்டு மீனுக்கு நீலச்சாயம் ஏற்றிவிட்டபோது வேட்டை நன்றாகப் பலித்தது. வேறுபட்ட ஒன்று தெரிந்தால் கண் நிலைக்கிறது. அப்படியென்றால் சாளைக் கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கிற இடத்தில் அச்சு அசல் சாளை லூரை ஒழுங்காக நீந்தவிட்டால் அது ஆயிரத்தொன்றாவது சாளை, அவ்வளவுதான். அங்கே சற்றுப் பெரியதாக, சற்று வெளிறியதாக, தத்தளிப்பதாக இருக்கிற லூருக்குத்தான் வாய்ப்பு.

சரி, அசல்தன்மை எங்கே உதவுகிறது? தெளிந்த நீர், அமைதியான கடல், நல்ல வெயில், மெதுவாக இழுக்கிற லூர். இந்த நாலும் கூடினால் மீன் கிட்டத்தில் வந்து பார்க்கும், அப்போது பார்வைக்கு விலை உண்டு. ஐந்தாவதாக, லூரைக் கண்டு பழகிய மீன். 1970-இல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. குளங்களில் பைக் என்ற வேட்டைமீனை விட்டு, சுழல் தகட்டு லூரிலும் உயிர் இரையிலும் பிடித்துப் பிடித்துத் திருப்பி விட்டார்கள். தகட்டில் மாட்டுவது சீக்கிரமே சரிந்தது. உயிர் இரையில் அப்படிச் சரியவில்லை. மீன் கற்றுக்கொள்கிறது, கற்றுக்கொண்டது 'இந்த மாதிரி மின்னுகிற பொருள் ஆபத்து' என்பதை. இரைமீனையே அது வெறுக்க முடியாது, பட்டினி கிடக்க வேண்டிவரும். ஆக, ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்துப் பேர் லூர் வீசுகிற சுவரோரம் அசலுக்கு நெருங்கிய லூருக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு என்று நம்பலாம். நடுக்கடல் பாரில் (கடலடிப் பாறைத்திட்டு), லூரையே பார்த்திராத மீனுக்கு அந்தப் படி தேவைப்படாது.

உங்கள் பாரைக் குட்டிகள் ஏன் திரும்பின என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். பின்னால் வந்தன என்பதே நல்ல செய்தி. மினுக்கமும் அதிர்வும் வேலை செய்திருக்கின்றன, கிட்டத்தில் வந்தபிறகுதான் கணக்கு பிசகியிருக்கிறது. முதல் சந்தேகம் அளவு. வேட்டைமீன் பெரும்பாலும் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த இரையைத்தான் எடுக்கும். ஓரடிப் பாரைக்கு 15 சென்டிமீட்டர் லூர் தன்னில் பாதி. அது துரத்தி வந்தது பசியைவிட வேடிக்கைக்காக இருக்கலாம், குட்டிப் பாரைகள் கூட்டமாக எதன் பின்னாலும் போகும். இரண்டாவது, ஒரே சீரான ஓட்டம். உயிருள்ள சிறுமீன் பின்னால் பகைவனைக் கண்டால் திடுக்கிட்டுச் சிதறும். உங்கள் லூர் கடைசிவரை அதே நடையில் நிதானமாக வந்திருக்கிறது. செதிலைவிட இந்த நடத்தைதான் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மூன்றாவது, அந்த வகை லூர் எந்தத் தண்ணீருக்காகச் செய்தது என்பது. நாலைந்து துண்டு மூட்டு லூர்கள் அமெரிக்க, ஜப்பான் ஏரிகளில் பாஸ் மீனுக்காக வளர்ந்தவை. கையில் எடுத்து மூட்டைப் பாருங்கள்: ஊசி ஒன்று செங்குத்தாக நிற்கும், துண்டு அதைச் சுற்றிக் கதவுபோலத் திறந்து மூடும். மெதுவாக இழுத்தால் தலையில் தொடங்குகிற வளைவு துண்டு துண்டாக வாலுக்கு இறங்கி, உடம்பு பாம்பாக நெளியும். ஒரு வேகத்துக்கு மேல் போனால் அந்த நெளிவு குலைந்து, துண்டுகள் நேராகி, லூர் ஒரு பக்கமாகச் சரியும். பாரைக்கும் நெய்மீனுக்கும் வேண்டிய வேகம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான். கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனமானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் அந்தரத்தில் நிற்கும்படி எடை வைத்த லூர் கடலில் மேலே எழும்பும், நடையும் மாறும். அலைவாய்க் கரையில் ஒரு தெளிந்த நாளில் காலருகே இழுத்துப் பார்த்தாலே இதெல்லாம் தெரிந்துவிடும். கடையில் படத்தைப் பார்ப்பதைவிட இந்தப் பத்து நிமிடம் உபயோகம். நேராக ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால், முன்கண்ணியை (தங்கூஸ் கட்டுகிற வளையம்) எதிர்ப்பக்கம் இடுக்கியால் ஒரு நூல் அளவு வளைத்தால் சரியாகும்.

ஈர்ப்பது ஒரு வேலை, பிடிப்பது வேறு வேலை. இங்கே மீனின் வாயைப் பார்க்க வேண்டும். கலவாவும் கொடுவாவும் கடிப்பதில்லை, உறிஞ்சுகின்றன. வாயும் செவுள்மூடியும் ஒரு நொடியின் சிறு பங்கில் விரிய, தண்ணீரோடு இரை உள்ளே போய்விடும். நீங்கள் தங்கூஸை விறைப்பாகப் பிடித்திருந்தால் லூர் அந்த உறிஞ்சலுக்கு முழுதாக ஒத்துழைக்காது. எடை குறைந்த ரப்பர் லூர் சுலபமாகப் போகும், கனத்த கெட்டி லூர் உதட்டோரத்தில் நின்றுவிடும், அதனால்தான் அதில் மும்முனைக் கொக்கி இரண்டு தொங்குகிறது. உள்ளே போன லூரில் மணமும் இல்லை, சதையின் மென்மையும் இல்லை என்று தெரிந்ததும் துப்பிவிடும். கொக்கி ஏற வேண்டியது அந்தத் துப்பலுக்கு முன்னால். நெய்மீன் கதை வேறு. அது கத்திப்பல்லோடு முழுவேகத்தில் வந்து இரையின் பின்பாதியை வெட்டிக்கொண்டு போகும். வால் மட்டும் காணாமல் போன சாளையோடு தூண்டில் திரும்பி வந்தால், வந்தவர் யார் என்று கரையில் சின்னப் பையன்கூடச் சொல்வான். அதற்கு வால்பக்கம் கொக்கி இருந்தாக வேண்டும், கொக்கிக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய கம்பியும் வேண்டும். தெளிந்த நீரில் கம்பி தெரிந்து கடி குறையும், கம்பி இல்லாவிட்டால் லூர் போகும். எதை இழப்பது என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. வாளைக்கும் இதே கணக்குதான்.

அசல்தன்மை பற்றிப் பேசும்போது கணவாய் ஜிக்கைச் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானில் பிறந்த பொருள், இன்று நம் கடற்கரைக் கடைகளிலும் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இறால் வடிவ உடம்பு, மேலே துணி உறை, மூக்கில் ஈயம், வாலில் முள் இல்லாத ஊசிகள் மேல்நோக்கி இரண்டு அடுக்கு. இரண்டு வெட்டு வெட்டி இழுத்துவிட்டு விட்டால், தலை கீழாகச் சாய்ந்து மெல்ல இறங்கும், அப்படி இறங்கும்போதுதான் கணவாய் நீண்ட இரு கைகளையும் வீசிப் பற்றும். இதில் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா என்று எத்தனை நிறம் விற்கிறார்கள்! ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய் இரண்டின் கண்ணிலும் ஒளி உணர்கிற நிறமி ஒரே வகைதான். நாம் நிறம் பிரிக்கிற முறையில் அவற்றால் பிரிக்க முடியாது. அவற்றுக்குத் தெரிவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாடு, அதோடு நமக்குத் தெரியாத ஒளிமுனைவாக்கம், அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது. ஆகவே நிறத்தைவிட, முதுகும் வயிறும் எவ்வளவு மாறுபட்டுத் தெரிகின்றன, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சுதான் ராசி என்று சத்தியம் செய்கிற தூண்டில்காரர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை, அவர்கள் என்னைவிட அதிகம் பிடிக்கிறார்கள்.

குளத்துப் பக்கம் விராலுக்குப் போடுகிற ரப்பர் தவளையும் இந்தக் கணக்கில் வரும். பாசியும் தாமரையிலையும் மூடிய தண்ணீரில் விரால் கீழிருந்து பார்ப்பது ஒரு நிழலையும் இரண்டு காலின் சலசலப்பையும்தான், தவளையின் முதுகுப் புள்ளிகளை இல்லை. உள்ளே பொள்ளலாக இருப்பதால் கடித்ததும் நசுங்கி, முதுகோடு படுத்திருந்த கொக்கி வெளிவரும். தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடாமல் ஒரு நொடி பொறுக்க வேண்டும். விரால் எப்போதும் பசியால் கடிப்பதில்லை. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொப்பளிக்கிற இடத்துக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், மேலே எது போனாலும் பாயும். அங்கே தவளை போட்டால் நிச்சயம் மாட்டும், ஆனால் அதன்பிறகு குஞ்சுகளைக் காக்க ஆளிருக்காது. தயவுசெய்து அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை, பறவைகளுக்கான இடம், அங்கே தூண்டில் வேண்டாம். பேச்சிப்பாறை மாதிரி அணைகளில் அனுமதி கிடைத்தாலும் கட்லா, ரோகுவை நம்பி லூர் வீசாதீர்கள். கட்லா மிதவை உயிர்களை வடிகட்டித் தின்னும், ரோகுவுக்குப் பெரும்பாலும் தாவர உணவு. சிறுமீனாக வேடமிட்ட லூர் அவற்றுக்கு இரையே இல்லை.

இதுவரை சொன்னதில் பக்கக்கோடு, நிறம் வடிகட்டப்படுவது, மினுக்கம், மீன் கற்றுக்கொள்வது எல்லாம் உறுதியான விஷயங்கள். உறுதியில்லாதவையும் இருக்கின்றன, கடைக்காரர்கள் அவற்றைத்தான் சத்தமாகச் சொல்கிறார்கள். லூருக்குள் குலுங்குகிற குண்டுகளின் சத்தம் மீனை வரவழைக்கும் என்பார்கள். கலங்கலில் உதவலாம், பழகிய மீனை விரட்டவும் செய்யலாம், இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். புற ஊதா ஒளியில் ஒளிர்கிற சாயம் என்பது இன்னொன்று. பல மீன்கள் குஞ்சாக இருக்கும்போது புற ஊதாவைப் பார்க்கின்றன, வளர்ந்தபின் பலவற்றின் கண்வில்லை அதைத் தடுத்துவிடும், அதனால் பெரிய வேட்டைமீனுக்கு அதில் பெரிய லாபம் இருக்குமா என்பது சந்தேகம். பெரிய கண்ணை வரைந்தால் மீன் தலையைக் குறிவைக்கும் என்பது நியாயமான ஊகம், பல வேட்டைமீன்கள் இரையைத் தலைப்பக்கமாக விழுங்குவது உண்மைதான், ஆனால் லூரில் கண் இல்லாவிட்டால் கடி குறையும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. கண் கழன்று விழுந்த லூரில் பாரை எடுத்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. நிறம் பற்றிக் கேட்டால் என் கைவழக்கம் இதுதான்: விடிகாலை, அந்தி இரண்டிலும் கருமையானது, தெளிவில் வெள்ளியும் நீலமும், கலங்கலில் வெள்ளை அல்லது இளமஞ்சள். வெளிச்சத்தைப் பற்றித் தெரிந்ததோடு இது ஒத்துப்போகிறது, இதற்குமேல் இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் லூரைத் தூக்கிப்போட வேண்டாம். முதலில் அதிலிருக்கிற மும்முனைக் கொக்கிகளை மாற்றுங்கள். நன்னீருக்கான மெல்லிய கொக்கி பெரிய பாரை இழுத்தால் நிமிர்ந்துவிடும், உப்பில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். புதுக் கொக்கியின் எடை பழையதற்குப் பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நெளிவு கெடும். அதைப் பொழிமுகத்துக்கு (ஆறு கடலில் சேருகிற வாய்) உள்பக்கம், ஆறு அமைதியாக இருக்கிற இடத்தில், விடிகிற நேரத்தில் கொடுவாவுக்கு மெதுவாக இழுங்கள், அந்த லூருக்கு ஏற்ற வேலை அது. சுவரில் பாரைக்குப் போகும்போது 6 அல்லது 7 சென்டிமீட்டரில் ஒரு சாதாரண உலோக ஜிக் (கனத்த உலோகத்தில் செய்த சிறு லூர்) போதும், விலை இதில் கால்வாசிகூட வராது. வேகமாகச் சுற்றி, பின்னால் மீன் தெரிந்ததும் இன்னும் வேகமாக்கி, சட்டென்று நிறுத்தி விழவிடுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் பெரும்பாலும் அந்த மாற்றத்தில்தான் கடிக்கும்.

ஜூன், ஜூலையில் லீவு கிடைத்தால் மட்டும் சுவருக்குப் போகாதீர்கள். கச்சான் காற்றில் (தென்மேற்குப் பருவக்காற்று) கடல் கலங்கிக் கிடக்கும், லூரை எந்த மீனும் பார்க்காது. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அனுபவப்பட்ட வள்ளக்காரர்களே உயிரை விட்டிருக்கிறார்கள், பாசி பிடித்த நாலுகால் கான்கிரீட் கட்டைகளில் கால் வழுக்கினால் இடையில் சிக்கிக்கொள்வீர்கள். அலை அடங்கி நீர் தெளிகிற மாதங்களில் வாருங்கள். லூரின் எடையையும், இழுக்கும்போது எடுத்த ஒரு வீடியோவையும் இங்கே போட்டால், அது கடலில் எந்த வேகம்வரை தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.